சிவப்பு கிட்டாரும் தையல் மிஷினும்

என் வீட்டுக்காரர் கிட்டார் வாசித்ததைப் பார்த்துத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

என் பெரியப்பா மகளின் கல்யாண வரவேற்பு கீழ்பென்னாத்தூரில் நடந்தது. திருவண்ணாமலையிலிருந்து ஒரு மெல்லிசைக் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். மேடையின் ஓரத்தில், டிரம்ஸுக்குப் பக்கத்தில், ஒல்லியாக ஒருவர் சிவப்பு எலக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். எல்லோரும் பாடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அந்தக் கிட்டாரையே பார்த்தேன். நடுவில் அடர்சிவப்பாகவும் ஓரம் போகப்போகக் கறுப்பாகவும் இருந்தது. மேடை விளக்கு பட்டபோதெல்லாம் ஈரமாக இருப்பதுபோல மின்னியது. பிறகு அதே ஆளின் ஜாதகம் எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா போட்டோவைக் காட்டியதும் சரி என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் யாருக்கும் காரணம் புரியவில்லை.

கல்யாணம் ஆகிச் சில வருஷம் அவர் கச்சேரிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு ஆடி மாதக் கச்சேரியில் மழை பெய்து மேடை ஈரமாகிவிட்டது. படியில் கால் வழுக்கி விழுந்தவர் இடது கையை ஊன்றிவிட்டார். மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் கடைசி இரண்டு விரல்களும் சரியாக மடங்கவில்லை. கொஞ்ச நாளில் குழுவும் கலைந்தது. குழுவை நடத்தியவர் கிட்டாரை அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அதைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிய என் வீட்டுக்காரர், செங்கம் ரோட்டில் ஒரு பெயிண்ட் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

அந்தக் கிட்டாரைப் பற்றி அப்புறம் நாங்கள் பேசவே இல்லை. அவருக்கு மனசு கஷ்டப்படும் என்று நான் நினைத்தேன். டிவியில் யாராவது கிட்டாரோடு வந்தால் ரிமோட்டைத் தேடுவேன். கோயில் திருவிழாக் கச்சேரி நடக்கும் தெரு என்றால் வேறு வழியாக அவரைக் கூட்டிப்போவேன். இப்படியே வருஷங்கள் ஓடின. மகள் படித்து முடித்து வேலைக்கென்று பெங்களூர் போய்விட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பெய்த பெரிய மழையில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகியது. பரணில் இருந்ததை எல்லாம் கீழே இறக்கினோம். கிட்டார்ப் பெட்டியின் அட்டை ஊறிப்போய்க் கையோடு பிய்ந்து வந்தது. உள்ளே இருந்த கிட்டாரின் கம்பிகள் துருப்பிடித்திருந்தன. உலோக பாகமெல்லாம் பச்சை பூத்திருந்தது. உடம்பு மட்டும் அப்படியே சிவப்பாக இருந்தது.

அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பழைய சாமான்காரன் வந்தா போட்டுடு" என்று சொல்லி வேலைக்குக் கிளம்பினார்.

மனசு வெறுத்துப்போய்ச் சொல்கிறார் என்று நினைத்தேன். கிட்டாரை ஒரு பழைய புடவையில் சுற்றி ஆட்டோவில் வைத்து என் தையல் கடைக்குக் கொண்டுபோனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் கடை. லேடீஸ் டெய்லர், பிளவுஸும் சுடிதாரும். துணி வெட்டும் மேஜைக்கு அடியில் கிட்டாரை ஒளித்து வைத்தேன். சரிசெய்து அவர் கையில் கொடுக்க வேண்டும், மடங்குகிற விரல்களால் அவர் வாசிக்க வேண்டும். என் எண்ணம் அவ்வளவுதான்.

என் கடையிலிருந்து நாலு கடை தள்ளி ஒரு பாய் கடை வைத்து மிக்ஸி, ஃபேன், மைக் செட் ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ரிப்பேர் செய்கிறார். என் மிஷின் மோட்டார் நின்றாலும் அவரிடம்தான் போவேன். கிட்டாரை அவரிடம் கொண்டுபோனேன்.

"இது ஜப்பான் சரக்கும்மா. ரொம்ப பழசு" என்றார், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு. "ஆனா நான் கிட்டார் ஒண்ணும் தொட்டதில்ல. தெரிஞ்ச மாதிரி பேச மாட்டேன்."

"கரண்ட் சமாச்சாரம் மட்டும் நீங்க பாருங்க பாய். மத்ததை நான் பாத்துக்கிறேன்."

மற்றது என்ன என்பதே அப்போது எனக்குத் தெரியாது. போனில் வீடியோ பார்த்துத்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். கம்பிகளை இழுத்துக் கட்டியபடியே பரணில் கிடந்ததால் அதன் கழுத்து வில் மாதிரி முன்பக்கம் வளைந்திருந்தது. கழுத்துக்குள்ளே நீளமாக ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. தலைப்பக்கம் சின்ன மூடியைக் கழற்றினால் ஒரு நட்டு இருக்கும். அதை இறுக்கினால் கழுத்து பின்னால் நிமிரும். பாய் ஸ்பேனரைப் போட்டு ஒரே மூச்சில் திருகினார். உள்ளேயிருந்து மொறுக்கென்று ஒரு சத்தம் வந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நல்லவேளை, எதுவும் உடையவில்லை. அதற்குப் பிறகு ஸ்பேனரை நானே வாங்கிக்கொண்டேன். கொஞ்சமாகத் திருகுவேன், சில நாள் அப்படியே விடுவேன், துணி அளக்கும் ஸ்டீல் ஸ்கேலைக் கழுத்தின் மேல் வைத்து நடுவில் எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று பார்ப்பேன், மறுபடி கொஞ்சம் திருகுவேன். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

விரல் வைக்கும் பலகையில் குறுக்கே பதித்திருந்த உலோகக் கட்டைகளில் பாசி மாதிரி அழுக்கு ஏறியிருந்தது. இரண்டு பக்கமும் பேப்பர் டேப் ஒட்டி, பித்தளை விளக்கு துலக்கும் பசையால் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். காய்ந்து வெளுத்திருந்த பலகைக்குத் தையல் மிஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசினேன். குடித்துவிட்டது, இன்னும் கொஞ்சம் பூசினேன். அடியில் இருந்த கருங்காப்பி நிறம் மெல்ல மேலே வந்தது. தீபாவளிக்குத் தைக்க வேண்டிய துணி மலை மாதிரிக் குவிந்திருக்க, நான் இதைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெரிய வேலை பிக்கப்பில்தான் வந்தது. கிட்டார்க் கம்பிகளுக்கு அடியில் காந்தமும் செப்புக் கம்பிச் சுருளுமாக ஒரு சின்னப் பெட்டி இருக்கும். மேலே கம்பி அதிர்ந்தால் அது அந்த அதிர்வைக் கரண்டாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். அதற்குத்தான் பிக்கப் என்று பெயர். எங்கள் கிட்டாரில் இரண்டு இருந்தன. ஒன்றுக்கு உயிர் இருந்தது. இன்னொன்றில் மீட்டரை வைத்துப் பார்த்த பாய் உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ள ஒயர் துருப்பிடிச்சு அங்கங்க அறுந்திருக்கு. முழுசா பிரிச்சு புதுசா சுத்தணும். இந்த ஒயர் தலைமுடியை விட மெல்லிசும்மா. மோட்டார் காயில் சுத்துற கைக்கு இது நிக்காது."

"ஒண்ணு போதாதா பாய்?"

"போதும். ஒத்தக் கண்ணால பாக்குற மாதிரி இருக்கும்."

பாய் சென்னைக்கு சாமான் வாங்கப் போனபோது அந்தக் கம்பி ஒரு ரீல் வாங்கி வந்தார். அவர் சுற்றிப் பார்த்தார், அறுந்தது. மறுபடி சுற்றினார், மறுபடி அறுந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது நம்ம கைக்கு ஆவாது" என்றார். அப்போதுதான் எனக்கு என் மிஷின் ஞாபகம் வந்தது. பாபினில் நூல் சுற்ற மிஷினின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அச்சு இருக்கும். அதில்தானே தினமும் நூல் சுற்றுகிறேன்? நூல் இறுக்கமா தளர்வா என்று என் விரலுக்குத் தெரியும்.

அந்த அச்சில் ஒரு அட்டை வட்டத்தைப் பொருத்தி, அதன் மேல் பிக்கப்பின் வெற்றுக் கூட்டை ஒட்டினேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருவேன். பெடலை மிதிக்கிறோமா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மிதிக்க வேண்டும். கம்பியை ஒரு துண்டு வெல்வெட்டுக்குள் பிடித்து, இடமும் வலமுமாக ஓட்ட வேண்டும். கம்பி கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். பாதி சுற்றியிருப்பேன், ஷட்டருக்கு அடியில் ஒரு தலை குனிந்து, "அக்கா, பிளவுஸ் ரெடியா?" என்று கேட்கும். கை அசையும், கம்பி அறுந்துவிடும். எல்லாவற்றையும் உருவி எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன். ஒரு தடவை அழுகையே வந்துவிட்டது. பிளவுஸ் கேட்டு வந்த அந்தப் பெண் என்னமோ ஏதோ என்று பயந்து தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தாள்.

எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. நன்றாக இருக்கிற பிக்கப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன் பருமன் வரும்வரை சுற்றினேன். ஒரு நாள் கம்பி அறுந்துபோகாமல் கடைசிவரை வந்துவிட்டேன். பாய் மீட்டரை வைத்தார். முள் நகர்ந்தது. "அடேயப்பா" என்றார். இரண்டு பிக்கப்புக்கும் கணக்கு கொஞ்சம் ஜாஸ்தி கம்மி இருந்தது, பரவாயில்லை என்றார்.

துருப்பிடித்த கம்பிகளைக் கழற்றிப் புதுசு கட்டி, அவர் கடையிலேயே ஒரு ஆம்ப்ளிஃபயரில் மாட்டிப் பார்த்தோம். முதலில் உர்ரென்று ஒரே இரைச்சல். பாய் உள்ளே ஒரு ஒயரை மாற்றிப் பற்றவைத்திருந்தார். அதைச் சரிசெய்த பிறகு இரைச்சல் அடங்கியது. எனக்கு வாசிக்கத் தெரியாது. கட்டைவிரல் நகத்தால் தடித்த கம்பியைத் தட்டினேன். ரிப்பேருக்கு வந்த ஃபேன்களுக்கும் மிக்ஸிகளுக்கும் நடுவிலிருந்து ஒரு பெரிய சத்தம் எழுந்து, அடங்க மனசில்லாமல் நின்றுகொண்டே இருந்தது. அதை நெஞ்சில் உணர்ந்தேன். எதிரே டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் மறுபடியும் தட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்ததும், கிட்டாரைக் கொண்டுவந்து என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன். பாயிடம் இரவல் வாங்கிய ஆம்ப்ளிஃபயரும் தயாராக இருந்தது. அவர் கண் கலங்குவார் என்று எதிர்பார்த்து நானும் கொஞ்சம் கலங்கியிருந்தேன்.

"இதை இன்னும் போடலியா?" என்றார்.

"எல்லாம் சரி பண்ணிட்டேங்க. வாசிங்க."

"வெரல் மடங்காதே."

"மடங்குற வெரல்ல வாசிங்க. போதும்."

மடியில் வைத்து ஒரு தடவை மீட்டினார். சத்தம் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். பிறகு பக்கத்தில் வைத்துவிட்டார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"எனக்கு இந்தக் கிட்டாரே புடிக்காது."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"நெசமாத்தான். நான் அந்த குரூப்புக்குப் பாடலாம்னுதான் போனேன். அங்க ஏற்கெனவே ரெண்டு பேர் பாடிக்கினு இருந்தாங்க. கிட்டாருக்கு ஆள் இல்லைன்னு இதைக் கையில குடுத்துட்டாங்க. என்னிக்காவது பாடச் சொல்வாங்கன்னு ஒவ்வொரு கச்சேரிக்கும் பாத்தேன். ஒரு நாளும் சொல்லல. கை ஒடைஞ்சதும் வலி இருந்துச்சு, அதோட ஒரு நிம்மதியும் இருந்துச்சு. பெயிண்ட் கடையில எனக்கு ஒரு கொறையும் இல்ல."

"இத்தினி வருஷமா ஏன் சொல்லல?"

"நீ கிட்டாரைப் பாத்துதானே என்னைக் கட்டிக்கிட்டே. உன்கிட்ட போய் எப்பிடிச் சொல்றது?"

டிவி ரிமோட்டைத் தேடிய நாள்களும் திருவிழாவுக்குச் சுற்றுவழியில் போன நாள்களும் வரிசையாக ஞாபகம் வந்தன. அதைச் சொன்னபோது அவர், "உனக்குக் கச்சேரின்னா அலுத்துப்போச்சுன்னு நெனச்சேன்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் மேல் கோபமா என் மேல் கோபமா என்று பிரிக்கத் தெரியவில்லை. கிட்டாரை எடுத்துக்கொண்டு திரும்பக் கடைக்கே போய்விட்டேன். சில நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. குழம்பு வைத்தேன், ரசம் வைக்கவில்லை.

கடையில் கிட்டார் சுவரில் சாய்ந்து நின்றது. யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் வேலைக்கு நடுவில் கை தானாக அதன் கம்பியைப் போய்த் தட்டியது. துணி வெட்டும்போது ஒரு தடவை, பட்டனுக்குக் காஜா எடுத்து முடித்தால் ஒரு தடவை. அவருக்காகத்தான் இத்தனையும் செய்தேன் என்று நம்பியிருந்தேன். அது முழு உண்மை இல்லை என்று அந்த வாரம் தெரிந்தது. கல்யாண மண்டபத்தில் பாடுகிறவர்களை விட்டுவிட்டு அதைப் பார்த்தவள் நான்தான். எனக்கு வேண்டும் என்று சொல்ல எனக்கே தோன்றாமல் போயிருக்கிறது.

கிட்டாரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "இது இனிமே என்னுது. நான் கத்துக்கப் போறேன்" என்று அவரிடம் சொன்னேன்.

"தாராளமா" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "முதுகுப் பக்கம் ஒரே கீறலா இருக்கு. கடையில நல்ல சிவப்பு வந்திருக்கு. பிரிச்சுக் குடு, ஸ்பிரே அடிச்சுத் தரேன். புதுசு மாதிரி ஆயிடும்."

"புதுசு மாதிரி ஆக வேணாம்."

"பார்வையா இருக்கும்ல?"

"இப்பவே பார்வையாத்தான் இருக்கு."

அந்தக் கீறல்கள் அவருடைய பெல்ட் பக்கிள் உரசியவை. நான் அவற்றைத் தேய்க்கக்கூட இல்லை. பெயிண்ட் கடைக்காரருக்கு இது புரியவே இல்லை. இன்றைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போது, ஸ்பிரே பேச்சை எடுப்பார்.

கற்றுக்கொள்வது கஷ்டமாகத்தான் இருந்தது. என் வலது கை விரல்கள் ஊசி குத்திக் காய்த்தவை. இடது கை விரல் நுனிகள் மெத்தென்று இருந்தன. அவை கொப்பளித்து, உரிந்து, பட்டுத் துணியைத் தொட்டால் இழையை இழுத்தன. பட்டு பிளவுஸ் ஆர்டரைச் சில வாரம் தள்ளிப்போட வேண்டியிருந்தது. வீடியோவில் ஒரு பையன் கார்டு பிடிப்பது, அதாவது பல கம்பிகளை ஒரே நேரத்தில் அழுத்திப் பிடிப்பது, எப்படி என்று சொல்லிக்கொடுப்பான். நான் அதை நிறுத்தி, பெரிதாக்கி, விரலை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைப்பேன். சமையல் கட்டிலிருந்து, "மூணாவது கம்பி எறங்கியிருக்கு" என்று குரல் வரும். பிடிக்காத கிட்டார்தான், ஆனால் அவர் காதுக்கு அது தெரிந்தது.

கார்டு எங்கே மாற வேண்டும் என்று எனக்குப் பிடிபடவில்லை. "நீங்க பாடுங்க, நான் அதுல மாத்திக்கிறேன்" என்றேன். அவர் உடனே பாடவில்லை. வெங்காயத்தை நறுக்கி முடித்து, கையைக் கழுவி, லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் முழுப் பாட்டு பாடி நான் கேட்டது அன்றுதான். குரல் சுமார்தான். கீழே நன்றாக இருக்கும், மேலே போனால் கிழியும். குழுவில் பாட விடாததற்குக் காரணம் எனக்குப் புரிந்தது, சொல்லவில்லை. அவர் பாடும்போது முகம் வேறாக இருந்தது. அதையும் நான் சொல்லவில்லை.

அதிலிருந்து அவர் கடை விட்டு நேராக வீட்டுக்கு வர ஆரம்பித்தார்.

எங்கள் திருவண்ணாமலை வெயில் கிட்டாருக்கு ஆகாது. சித்திரையில் மலைப் பாறை சூடேறிப் பொழுது சாய்ந்த பிறகும் அனல் அடிக்கும். அப்போது கழுத்து ஒரு பக்கம் போகும். மழைக்காலத்தில் இன்னொரு பக்கம் போகும். ஸ்கேலை வைத்துப் பார்த்து நட்டைக் கொஞ்சம் திருகுவேன். வாசித்து முடித்தால் வியர்வை படிந்த கம்பிகளைத் துடைத்துவிட்டுத்தான் வைப்பேன். உள்ளே பஞ்சு, மேலே பச்சை காட்டன், ஓரத்தில் பைப்பிங் வைத்து அதற்கு ஒரு உறை தைத்திருக்கிறேன். என் கடையிலேயே ஒழுங்காக அளவெடுத்துத் தைத்தது அதுதான் என்று அவர் கிண்டல் செய்வார்.

போன வருஷம் எங்கள் தையல்காரர்கள் சங்கத்தின் ஆண்டு விழா நடந்தது. வேறு நாள் மண்டபம் கிடைக்காததால் பௌர்ணமி அன்றைக்கே வைத்துவிட்டார்கள். உறுப்பினர்களே ஏதாவது நிகழ்ச்சி செய்யலாம் என்றார்கள். நான் பெயர் கொடுத்தேன். இரண்டு பாட்டு, நான் கிட்டார், அவர் குரல். பாய் ஆம்ப்ளிஃபயரோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

மேடை ஏறினோம். முதல் பாட்டு எப்படியோ ஓடிவிட்டது. இரண்டாவதில் சரணத்துக்குப் போகும் இடத்தில் நான் தப்பான கார்டைப் பிடித்தேன். அவர் பாட்டை நிறுத்தி, மைக் வாய்க்கு நேரே இருப்பதை மறந்து, "அது இல்லம்மா, அதுக்கு முன்னாடி பிடிச்சியே, அது" என்றார். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சரியானதைத் தேடிப் பிடித்தேன். அவர் விட்ட இடத்திலிருந்து எடுத்தார். மேலே போகும் வரியில் குரல் கிழிந்தது, அவர் கவலைப்படவில்லை, கண்ணை மூடிக்கொண்டு அதைக் கடந்து போனார். கைதட்டல் நன்றாகவே இருந்தது. கீழே இறங்கியதும் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு டெய்லர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, கிட்டார் உறைக்குப் பைப்பிங் எப்படி அவ்வளவு நேராக வந்தது என்று கேட்டார்.

வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கிரிவலக் கூட்டத்துக்காக வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். ஆட்டோ இல்லை. ஆம்ப்ளிஃபயரை பாய் மண்டபத்திலேயே வைத்துவிட்டுக் காலையில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டேன். வெறுங்காலோடு மலையைச் சுற்ற நடந்துகொண்டிருந்த ஜனங்களுக்கு நடுவில் நாங்கள் இருவரும் ஓரமாக நடந்தோம். வெளியூர்க்காரர் ஒருவர் என் முதுகைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார்:

"இங்க எங்கயாவது பாட்டுக் கச்சேரிங்களா?"

"இப்பத்தான் முடிஞ்சுதுங்க" என்றார் என் வீட்டுக்காரர். "நான்தான் பாடினேன்."